நான்காவது ஆள்

(ராயபுரத்தில் ஒரு படிப்பகத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

கடைசி வரிசையில் பேட்டை முழங்காலுக்கு நடுவே நிறுத்திக்கொண்டு 'இந்தப் பெரியவர் எப்போ முடிப்பார்' என்று தம்பிகள் சிலர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

'எனக்குப் பிடித்த விளையாட்டு வீரர்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். நம்ம பக்கத்தில் இந்தத் தலைப்பைக் கொடுத்தால் என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். பாதிப் பேர் குத்துச்சண்டை பேசுவார்கள். மீதிப் பேர் கேரம் பேசுவார்கள். பேசட்டும், பேச வேண்டியதுதான். வியாசர்பாடி இளவழகி கேரமில் உலகப் பட்டம் வாங்கினார். 2024-ல் அமெரிக்காவுக்குப் போய் மூன்று தங்கத்தோடு திரும்பிய காசிமா, புது வண்ணாரப்பேட்டை செரியன் நகர்ப் பெண், ஓர் ஆட்டோ ஓட்டுநரின் மகள். இவர்களைப் பற்றிப் பேச இந்த மேடைக்கு உரிமை இருக்கிறது.

நான் பேசப் போவது நம்ம பேட்டைக்காரர் அல்லாத ஒருவரைப் பற்றி. ஸ்ரீனிவாசராகவன் வெங்கடராகவன். ஊருக்கே 'வெங்கட்'. ஆஃப் ஸ்பின் போட்டவர். 57 டெஸ்ட், 156 விக்கெட். பின் வரிசைத் தம்பிகளுக்கு இந்த எண் சிறியதாகத் தெரியும். நீங்கள் அஸ்வினைப் பார்த்து வளர்ந்தவர்கள். அவர் 106 டெஸ்டில் 537 எடுத்துவிட்டு 2024 டிசம்பரில் ஓய்வு பெற்றார். 537-க்குப் பக்கத்தில் 156-ஐ வைத்தால் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும். எனக்குக் கூச்சம் இல்லை. ஏன் இல்லை என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

முதலில் பந்துவீச்சு என்றால் என்ன என்பதில் இருந்து தொடங்குகிறேன். அமெரிக்காவில் பேஸ்பால் என்று ஓர் ஆட்டம். அங்கே பந்து போடுகிறவருக்குப் பிட்சர் என்று பெயர். நம் ஊரில் ரஜினிக்கு வைப்பதுபோல் அங்கே பிட்சருக்குக் கட்அவுட் வைப்பார்கள் என்று சொன்னாலும் நம்பலாம், அவ்வளவு மவுசு. ஆனால் அவர் போடுவது எப்படி? முழங்கையை மடக்கி, பின்னால் இழுத்து, விட்டு எறிகிறார். அந்த மனிதர் நம் தெருவுக்கு வந்து முதல் பந்து போட்டால் என்ன ஆகும்? 'மாங்கா! மாங்கா!' என்று நாலு வயசுப் பிள்ளைகூடக் கத்தும். மாங்காய் மரத்தில் கல் எறிகிற மாதிரிக் கையை மடக்கி நீட்டி எறிந்தால் நம்ம சட்டப்படி நோ பால். கையை மடக்கி நீட்டாமல், அந்த வேகத்தையும் சுழற்சியையும் தோளிலும் மணிக்கட்டிலும் விரலிலும் மட்டும் இருந்து எடுக்க வேண்டும். கஷ்டம் அங்கேதான் இருக்கிறது.

ஆஃப் ஸ்பின்னில் வேலை முழுவதும் ஆள்காட்டி விரலுக்கு. பந்தின் தையலை ஆள்காட்டி விரலின் மேல் கணுவும் நடுவிரலும் அகலமாகப் பிடிக்கும். விடும்போது, கதவின் குமிழைத் திருப்புகிறோமே, அப்படி வலப்பக்கமாக ஒரு திருப்பு. பந்து தரையில் பட்டதும் வலக்கை ஆட்டக்காரரின் உள்பக்கம் வரும். நாள் முழுக்கப் போட்டால் அந்த விரலின் ஓரத்தில் தோல் உரியும், ரத்தம் கட்டும், பிறகு காய்ப்பு விழும். லெக் ஸ்பின் போடுகிறவரிடம் மாயம் இருக்கிறது என்பார்கள். வேகப்பந்து போடுகிறவரிடம் பயம் இருக்கிறது. ஆஃப் ஸ்பின்னரிடம் என்ன இருக்கிறது? பொறுமை ஒன்றுதான். அதனால்தான் ஆஃப் ஸ்பின்னருக்கு ரசிகர்கள் குறைவு.

நம்ம சந்துகளில் பாருங்கள். ஓடி வந்து போட இடம் இருக்கிறதா? இரண்டு அடி வைத்தால் சுவர். தூக்கி அடித்துப் பந்து மாடிக்குப் போனால் அவுட். ஒன் பிட்ச் ஒன் ஹேண்ட் பிடித்தாலும் அவுட். இந்தச் சட்டங்களுக்குள் ஆடுகிறவனுக்கு ஸ்பின் தானாக வரும். வேகமாகப் போட்டால் எதிர் வீட்டு ஜன்னல் உடையும், அப்புறம் அந்த வீட்டு அக்கா பந்தைத் தர மாட்டார். இந்தப் பக்கத்து ஸ்பின்னர்கள் பலர் அந்த அக்காக்களால் உருவானவர்கள்.

1965-க்கு வருகிறேன். அந்த வருஷம் ஜனவரி, பிப்ரவரியில் தமிழ்நாடு எப்படி இருந்தது என்று இங்கே இருக்கும் பெரியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இந்தி எதிர்ப்புப் போராட்டம். துப்பாக்கிச் சூடு, தீக்குளிப்பு, மூடிக் கிடந்த கல்லூரிகள். அந்தச் சூடு முழுதாக ஆறுவதற்குள், பிப்ரவரி கடைசியில், நியூசிலாந்து அணி சென்னையில் டெஸ்ட் ஆடியது. சேப்பாக்கத்தில் அல்ல. 1956-ல் இருந்து 1965 வரை சென்னையின் டெஸ்ட் ஆட்டங்கள் சென்ட்ரல் பக்கத்தில் இருக்கும் கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில்தான் நடந்தன. இப்போது கால்பந்து நடக்கிறதே, அந்த நேரு ஸ்டேடியம். ராயபுரத்தில் இருந்தும் வண்ணாரப்பேட்டையில் இருந்தும் நடந்தே போய் டெஸ்ட் பார்க்கக் கிடைத்த காலம் அது. மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகம் பார்க்கிற சாக்கில் வீட்டில் இருந்து கிளம்பி ஸ்டேடியத்துக்குள் போனவர்கள் உண்டு. என் அப்பாவும் அந்தக் கூட்டத்தில் ஒருவர் என்பது என் அம்மாவுக்கு வெகு காலம் தெரியாது.

அந்த ஆட்டத்தில்தான் வெங்கட் முதல் டெஸ்ட் ஆடினார். வயசு 19. கிண்டி பொறியியல் கல்லூரி மாணவர். நெட்டையான உடம்பு, காதை உரசிக்கொண்டு உயரத்தில் இருந்து வரும் கை. நான்கு டெஸ்ட் கொண்ட தொடர். மூன்று டிரா. மார்ச் மாதம் டெல்லியில் கடைசி ஆட்டம். முதல் இன்னிங்ஸில் 72 ஓட்டத்துக்கு 8 விக்கெட். இரண்டாவதில் 80-க்கு 4. மொத்தம் 12. இந்தியா ஏழு விக்கெட் வித்தியாசத்தில் ஜெயித்தது, தொடரும் நமக்கு. இருபது நிரம்பாத ஒரு பையன் ஒரு தொடரையே முடித்து வைத்திருக்கிறான். இதற்கு மேல் என்ன வேண்டும்? அடுத்த பத்து வருஷம் இடம் நிச்சயம் என்றுதானே நினைப்போம்?

அங்கேதான் கதை வேறு பக்கம் திரும்பியது. கர்நாடகத்துக்காரர் எரபள்ளி பிரசன்னா என்று ஒருவர். அவரும் ஆஃப் ஸ்பின், அவரும் பொறியியல் படித்தவர். 1962-ல் மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போய் வந்தவர், படிப்பை முடிக்க வேண்டும் என்று கிரிக்கெட்டை விட்டு ஒதுங்கியிருந்தார். 1967-ல் திரும்பி வந்தார். அன்றைக்குத் தொடங்கியது, ஒரு நாற்காலிக்கு இரண்டு பேர் என்கிற நிலை.

பேடி, சந்திரசேகர், பிரசன்னா, வெங்கடராகவன். 'சுழல் நால்வர்' என்று பேர் எடுத்தார்கள். நான்கு பேரும் சேர்ந்து எடுத்த விக்கெட் 853. சமயக் குரவர் நால்வர் போல எப்போதும் சேர்ந்தே நின்றார்கள் என்று நினைக்காதீர்கள். நால்வரும் ஒரே அணியில் ஆடியது ஒரே ஒரு டெஸ்ட். 1967 ஜூலை, இங்கிலாந்தின் எட்ஜ்பாஸ்டன். அணியில் வேகப்பந்துக்கு ஆளே இல்லாமல், வழக்கமாக விக்கெட் கீப்பராக நிற்கும் புதி குந்தரன் புதுப் பந்தை எடுத்துப் போட்டார். அந்த ஆட்டத்தில் நாம் 132 ஓட்டத்தில் தோற்றோம். அதற்கு அப்புறம் மூன்று பேர்தான் ஆடுவார்கள். பேடிக்கு இடம் உண்டு, சந்திராவுக்கும் பெரும்பாலும் உண்டு. மீதி ஒரு இடத்துக்குப் பிரசன்னாவா, வெங்கட்டா? பத்து வருஷத்துக்கு மேல் நாடு முழுக்க டீக்கடைகளில் இதே வழக்குத்தான் நடந்தது.

நான் வெங்கட் ரசிகன். ஆனாலும் மேடையில் பொய் சொல்ல மாட்டேன். பந்துவீச்சு என்று மட்டும் எடுத்தால் பிரசன்னாதான் பெரியவர். 49 டெஸ்டில் 189 விக்கெட். அவர் பந்தைக் காற்றில் தொங்கவிடுவார். இறங்கி வந்து அடிக்கலாம் என்று ஆசை காட்டி, ஆட்டக்காரர் இறங்கிய பிறகு பந்து இன்னும் வந்து சேராமல் இருக்கும். வெங்கட்டிடம் அந்தத் தொங்கல் கிடையாது. அவர் பந்து தட்டையாக, கொஞ்சம் வேகமாக, உயரத்தில் இருந்து இறங்கி, எகிறும். அழகில் குறைச்சல்தான். ஆனால் அடிக்க முடியாது. டெஸ்டில் அவர் போட்ட பந்துகள் 14,877. கொடுத்த ஓட்டங்கள் 5,634. ஓவருக்கு இரண்டேகால் ஓட்டம். இந்தக் காலத்துத் தம்பிகள் ஒரே பந்தில் அதைவிட அதிகம் எடுக்கிறீர்கள்.

இந்த இரண்டேகாலுக்கு என்ன மதிப்பு என்று மற்ற மூன்று பேருடைய கணக்கைப் பார்த்தால்தான் தெரியும். ஒரு முனையில் ஓட்டமே வராமல் கட்டி வைத்தால், ஆட்டக்காரர் பொறுமை இழந்து மறு முனையில்தான் விளாசப் போவார். மறு முனையில் நிற்கிறவர் சந்திரசேகர். விக்கெட் சந்திராவின் பெயரில் எழுதப்படும். அதில் வெங்கட்டின் பங்கு எந்த ஸ்கோர் புத்தகத்திலும் ஏறாது.

1971-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியக் கிரிக்கெட்டுக்குப் பொன்னான வருஷம். வடேகர் தலைவர், வெங்கட் துணைத் தலைவர். மார்ச்சில் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் மேற்கிந்தியத் தீவுகளை முதல் முறையாக டெஸ்டில் தோற்கடித்தோம். அந்த ஆட்டம் என்றால் யார் பெயர் வரும்? கவாஸ்கர், அவருக்கு அது முதல் டெஸ்ட். சலீம் துரானி, சோபர்ஸையும் லாயிடையும் அடுத்தடுத்துச் சாய்த்தவர். இரண்டும் உண்மை. ஆனால் அதே இரண்டாவது இன்னிங்ஸில் 95 ஓட்டத்துக்கு 5 விக்கெட் எடுத்தவர் வெங்கட். அந்தத் தொடர் முழுக்க இந்தியாவின் பக்கம் அதிக விக்கெட் எடுத்தவரும் அவரே, 22.

ஆகஸ்டில் லண்டன் ஓவல். இங்கிலாந்து 101-க்குச் சுருண்டது. சந்திரா 38-க்கு 6. இன்றைக்கும் அது 'சந்திராவின் ஆட்டம்'தான், மறுப்பதற்கில்லை. ஆனால் அன்றைக்கு இங்கிலாந்தில் நமக்குத் தொல்லை கொடுக்கக்கூடியவர் ஆலன் நாட். முதல் இன்னிங்ஸில் 90 அடித்தவர். அவருடைய விக்கெட் கணக்கைப் பாருங்கள். கேட்ச் சோல்கர், பந்துவீச்சு வெங்கடராகவன், ஓட்டம் 1. ஃபார்வர்டு ஷார்ட் லெக்கில் நின்ற ஏக்நாத் சோல்கர் பாய்ந்து, பேட்டுக்குக் கீழே இருந்து அள்ளிய அந்தப் படம் பல வீடுகளில் சுவரில் தொங்கியது. படத்தில் சோல்கர் இருக்கிறார், நாட் இருக்கிறார். பந்து போட்டவர் படச்சட்டத்துக்கு வெளியே.

பந்து போடாத நேரத்திலும் அவருக்கு வேலை உண்டு. கல்லியிலும் பேட்டுக்கு அருகிலும் நிற்பார். 57 டெஸ்டில் 44 கேட்ச். ஹெல்மெட் இல்லாத காலம். அதே ஓவலில் சந்திராவின் பந்தில் லக்ஹர்ஸ்ட் கொடுத்த கேட்சைப் பிடித்தவரும் இவர்தான். சந்திரா எடுத்த ஆறில் ஒன்றில் இவர் கை இருக்கிறது.

இரண்டு வருஷம் பின்னால் போகிறேன். 1969 நவம்பர், மும்பை பிராபர்ன் ஸ்டேடியம், ஆஸ்திரேலியாவுடன் முதல் டெஸ்ட். முதலில் அறிவித்த அணியில் வெங்கட் பெயர் இல்லை. எதிர்ப்புக் கிளம்பியது. வங்காளத்து வேகப்பந்து வீச்சாளர் சுப்ரதோ குஹா ஒதுங்கி வழிவிட, வெங்கட் உள்ளே வந்தார். இரண்டாவது இன்னிங்ஸில் இந்தியா தடுமாறிக்கொண்டிருந்தபோது, வடேகருக்குத் துணையாக நின்று மல்லுக்கட்டினார். ஆஸ்திரேலியாவின் கானலி போட்ட பந்து, பின்னால் கீப்பர் டேபர் பிடித்து அப்பீல். நடுவர் ஷம்பு பான் கையைத் தூக்கிவிட்டார். பந்து பேட்டில் படவில்லை. வானொலியில் வர்ணனை செய்துகொண்டிருந்த தேவராஜ் பூரி அதை அப்படியே சொல்லிவிட்டார், நடுவர் தப்பு செய்துவிட்டார் என்று.

அந்தக் காலத்தில் மைதானத்துக்குப் போகிறவன் டிரான்சிஸ்டரும் கையோடு கொண்டுபோவான். கண்ணால் பார்ப்பது பாதி, காதில் கேட்பது பாதி. ஆயிரக்கணக்கான டிரான்சிஸ்டரில் ஒரே நேரத்தில் 'அவுட் இல்லை' என்று கேட்டால் என்ன நடக்கும்? பாட்டில் பறந்தது. நாற்காலி பறந்தது. தீ வைத்தார்கள். புகை மண்டலத்துக்கு நடுவே ஆட்டம் நடந்தது. ஆஸ்திரேலியத் தலைவர் பில் லாரி 'நிறுத்த மாட்டேன், எனக்கு ஒரு விக்கெட் வேண்டும்' என்கிற பிடிவாதத்தில் நின்றார். அந்த ரகளையின் நடுவே வெங்கட் என்ன செய்தார் தெரியுமா? நடுவர் கையைத் தூக்கினார், இவர் நடையைக் கட்டினார். அவ்வளவுதான்.

இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

அவருக்கு நடந்த அவமானங்களைச் சொல்லாமல் போனால் நான் ரசிகனே அல்ல. 1974 டிசம்பர், மேற்கிந்தியத் தீவுகள் இங்கே வந்திருந்தார்கள். தலைவர் பட்டோடிக்குக் காயம். கவாஸ்கருக்கும் விரலில் அடி. டெல்லி டெஸ்டுக்கு வெங்கட் தலைவர். விவியன் ரிச்சர்ட்ஸ் என்று ஒரு புதுப் பையன் 192 அடித்து அவுட் ஆகாமல் நின்றான், இந்தியா இன்னிங்ஸ் தோல்வி. சரி, தோற்றோம். அடுத்த டெஸ்ட் கொல்கத்தா. பட்டோடி திரும்பி வந்தார். போன ஆட்டத்தின் தலைவர் இந்த ஆட்டத்தில் பன்னிரண்டாவது ஆள்! தண்ணீர் கொண்டுபோகிறவர். ஒரு ஷிப்டில் போர்மேன், அடுத்த ஷிப்டில் அதே மனிதரைப் பெருக்கச் சொன்னால் லேலண்டில் வேலை நிறுத்தமே நடந்திருக்கும்.

1975, 1979 இரண்டு உலகக் கோப்பையிலும் இந்தியாவுக்கு அவர்தான் தலைவர். ஒருநாள் ஆட்டம் என்றால் என்ன என்றே நமக்குப் பிடிபடாத காலம். 1979-ல் இலங்கையிடமும் தோற்றோம், அப்போது இலங்கைக்கு டெஸ்ட் அந்தஸ்துகூடக் கிடையாது. அதைத் தொடர்ந்து இங்கிலாந்துடன் நான்கு டெஸ்ட். கடைசி ஆட்டம் ஓவலில், 438 ஓட்டம் இலக்கு. கவாஸ்கர் 221 அடித்தார். 429-க்கு 8 என்று, ஒன்பது ஓட்டம் மீதியிருக்க டிரா. ஜெயித்திருந்தால் வெங்கட்டின் தலைவிதி மாறியிருக்குமோ என்னவோ. அணி ஊருக்குத் திரும்பும் விமானத்தில் விமானியின் அறிவிப்பு வந்தது. அடுத்த தொடருக்குக் கவாஸ்கர் தலைவராம். பதவி போன செய்தியை நடு வானத்தில், மற்ற பயணிகளோடு சேர்ந்து, பெல்ட் போட்டு உட்கார்ந்தபடி கேட்டவர் அவர்.

சொந்த ஊரிலும் ஒன்று. 1972-73 ரஞ்சிக் கோப்பை இறுதி ஆட்டம், சேப்பாக்கம், எதிரணி பம்பாய். சுழலுக்கு வசதியான தரை. நம் பக்கம் வெங்கட் தலைவர், கூடவே வி.வி. குமார். குமார் எப்பேர்ப்பட்ட லெக் ஸ்பின்னர்! அவருக்குக் கிடைத்தது இரண்டே டெஸ்ட், அது தனிக் கதை, இன்னொரு விழாவுக்கு வைத்துக்கொள்வோம். பம்பாயை 151-க்கும் 113-க்கும் சுருட்டினோம். கோப்பை நமக்குத்தான் என்று ஊரே நினைத்தது. ஆனால் தோண்டிய குழியில் நாமே விழுந்தோம். பம்பாயின் பத்மாகர் ஷிவால்கர் 16 ஓட்டத்துக்கு 8, அப்புறம் 18-க்கு 5. தமிழ்நாடு 80, 61. மூன்றாம் நாள் காலையில் சாப்பாட்டு மூட்டையோடு வந்த ரசிகர்கள் பார்த்தது ஒரே ஒரு பந்து. முதல் பந்திலேயே கடைசி விக்கெட் போய்விட்டது.

இத்தனைக்குப் பிறகும் மனிதர் பந்தைக் கீழே வைக்கவில்லை. டெர்பிஷயருக்குப் போய் மூன்று பருவம் ஆடினார். தமிழ்நாட்டுக்காக வருஷா வருஷம் போட்டார். ரஞ்சியில் 530 விக்கெட். ராஜிந்தர் கோயலைத் தவிர வேறு யாரும் அதற்கு மேல் போனதில்லை. முதல்தர ஆட்டங்களில் மொத்தம் 1,390. 1983-ல், 38 வயசைத் தொடும் நேரத்தில், கபில் தேவ் தலைமையில் மேற்கிந்தியத் தீவுகளுக்குத் திரும்பப் போனார். அந்த செப்டம்பரில் ஜலந்தரில் பாகிஸ்தானுடன் ஆடியது கடைசி டெஸ்ட்.

எல்லோருக்கும் கதை இங்கே முடியும். அவருக்கு முடியவில்லை.

நான் துறைமுகத்தில் டேலி கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். கப்பலில் இருந்து இறங்கும் சரக்கை எண்ணுகிற வேலை. கப்பல்காரன் ஒரு கணக்குச் சொல்வான், சரக்குக்காரன் ஒரு கணக்குச் சொல்வான், நாம் எண்ணியதுதான் கணக்கு. ஒரு பக்கம் திட்டும், மறுநாள் மறு பக்கம் திட்டும். இரண்டு பக்கமும் பாராட்டிய நாள் எனக்கு ஞாபகம் இல்லை. கிரிக்கெட்டில் அந்த வேலைக்குப் பெயர் அம்பயர். பெரிய ஆட்டக்காரர்கள் ஓய்வு பெற்றால் வர்ணனைக்குப் போவார்கள், தேர்வுக் குழுவுக்குப் போவார்கள், விளம்பரத்தில் வருவார்கள். வெயிலில் நாள் முழுக்க நின்று பிறர் போடும் பந்தை எண்ணுகிற வேலைக்கு, தேசிய அணிக்குத் தலைவராக இருந்த ஒருவர் போவாரா?

வெங்கட் போனார். 1993 ஜனவரியில் கொல்கத்தாவில் இந்தியா-இங்கிலாந்து டெஸ்ட்டில் வெள்ளைக் கோட்டுப் போட்டு நின்றார். எந்த வேலையில் இருந்தவர் செய்த தப்பால் இவருக்காக ஒரு மைதானம் பற்றி எரிந்ததோ, அந்த வேலைக்கே போய் நின்றார். ஷம்பு பானை நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, அது இதற்குத்தான். தனக்குத் தப்பாகக் கை தூக்கியவர் மேல் கோபம் கொண்டவர்கள் நிறையப் பேர். அந்த இடத்தில் தான் நின்று சரியாகத் தூக்கிக் காட்டியவர் யார்? எனக்குத் தெரிந்து இவர்தான்.

மொத்தம் 73 டெஸ்டில் நடுவர். ஆடியதைவிட அதிகம்! இரண்டையும் கூட்டினால் 130 டெஸ்ட் மைதானத்துக்குள் நின்றிருக்கிறார், 1965-ல் தொடங்கி 2004 வரை. மூன்று உலகக் கோப்பைகளில் நடுவர். ஐ.சி.சி. 2002-ல் உயர்மட்ட நடுவர் குழு என்று எட்டுப் பேரை முதல் முறையாகப் பொறுக்கி எடுத்தபோது, அதில் இந்தியர் என்று இருந்தது இவர் ஒருவர்.

1999 உலகக் கோப்பை அரையிறுதியை இங்கே எத்தனை பேர் டி.வி.யில் பார்த்தீர்கள்? ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா. ஒரே எண்ணிக்கை, கடைசி விக்கெட், குளூஸ்னர் ஓடுகிறார், டொனால்டு நிற்கிறார், பேட் கீழே விழுகிறது. உலகமே தலையில் கைவைத்த அந்த ரன் அவுட்டின்போது மைதானத்தில் நின்ற இரண்டு நடுவர்கள் டேவிட் ஷெப்பர்டும் நம்ம வெங்கட்டும். இடம் எது தெரியுமா? எட்ஜ்பாஸ்டன். நால்வரும் சேர்ந்து ஆடிய ஒரே டெஸ்ட் நடந்த அதே மைதானம். அந்த ஆட்டத்தைப் பற்றி இருபத்தைந்து வருஷமாகப் பேசுகிறார்கள், எழுதுகிறார்கள். நடுவர்களைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. ஒரு நடுவருக்கு இதைவிட நல்ல சான்றிதழ் கிடையாது.

தப்பே செய்யாத நடுவரா என்று கேட்டால், அப்படி ஒருவர் பிறக்கவில்லை. இருந்தும் அவருக்கு 2003-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். நல்லதுதான். ஆட்டக்காரர் என்ற முறையில் அவருக்கு 1971-லேயே அர்ஜுனா விருது வந்துவிட்டது.

இப்போது உங்களில் ஒருவர் கேட்கலாம். பேடி இருக்கிறார், சந்திரா இருக்கிறார், உங்கள் வாயாலேயே பெரியவர் என்று சொன்ன பிரசன்னா இருக்கிறார். நாலு பேரில் நாலாவது ஆளை ஏன் பிடித்துக்கொண்டீர்கள்? திருவொற்றியூரில் டயர் கம்பெனியிலும், என்ஃபீல்டிலும், எண்ணூரில் லேலண்டிலும், துறைமுகத்திலும் வேலை பார்த்த குடும்பங்கள்தான் இந்த ஹாலில் முக்கால்வாசி. பதவி உயர்வு பட்டியலில் நம் பெயர் எத்தனை முறை நாலாவதாக நின்றிருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். அதற்காக மறுநாள் காலை ஷிப்டுக்குப் போகாமல் இருந்தோமா? பந்தைக் கொடுத்த நாளில் போட்டார். கொடுக்காத நாளில் தண்ணீர் கொண்டுபோனார். எங்கே நிறுத்தினாலும் கேட்சைப் பிடித்தார். ஆட முடியாத வயசில் ஆட்டத்தை நடத்திக் கொடுத்தார். எனக்கு அவர்தான்.

கடைசியாக ஒரு கோரிக்கை. இது பின் வரிசைத் தம்பிகளுக்கு அல்ல, முன் வரிசையில் முழங்கால் வலியோடு உட்கார்ந்திருக்கும் என் வயசுக்காரர்களுக்கும், 'இனிமேல் பந்து போட முடியாது' என்று ஒதுங்கிவிட்ட நாற்பது வயசுக்காரர்களுக்கும். நம்ம பக்கம் ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்களில் இன்றைக்கும் பேட்டிங் டீம்தான் அம்பயர். எல்.பி.டபிள்யூ. கிடையாது, ஏனென்றால் எவனும் தன் ஆளுக்குக் கொடுக்க மாட்டான். ரன் அவுட்டுக்குச் சண்டை. பாதி ஆட்டம் சண்டையில் நின்று போகிறது, சில சமயம் தலையும் உடைகிறது. சின்ன வயசில் நன்றாக ஆடியவர்கள் இந்த ஹாலிலேயே பலர் இருக்கிறீர்கள், முகத்தைப் பார்த்தே சொல்கிறேன். வாரத்துக்கு ஒருவர் முறை வைத்துக்கொள்வோம். தண்டையார்பேட்டை துறைமுகக் குடியிருப்பு மைதானத்துக்குக் காலை ஆறரைக்கு வாருங்கள். விழா முடிந்ததும் வாசலில் நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன், பெயர் எழுதிவிட்டுப் போங்கள். முதல் வாரம் நான் நிற்கிறேன்.